60, 70, 80 தாண்டினவங்க ஏஐ பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு வயசானவங்க நெறைய பேருக்கு போன்ல ஏஐ யூஸ் பண்ண சொல்லிக்குடுத்திருக்கேன். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளத்தான் கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு. என் கணக்கு ரொம்ப சிம்பிள், கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் ஒத்தாசையா ஏஐய வெச்சுக்கலாம், முடிவெடுக்குற வேலைய மட்டும் அதுகிட்ட குடுக்கக்கூடாது. கீழ உள்ள பதில் எல்லாம் இத வெச்சுத்தான்.

ஏஐ ஏஐன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்னதான்?

பேரு ஒண்ணும் புதுசு இல்ல. 1956ல அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல ஒரு கூட்டம் போட்டாங்க, அதுக்காக ஜான் மெக்கார்த்தியும் அவர் கூட இருந்தவங்களும் முந்தின வருஷம் எழுதின திட்டத்துல வந்த பேருதான் இது. அதாவது இப்போ 70 வயசுக்காரங்களும் இந்தப் பேரும் ஒரே செட்டு. உங்களுக்குத் தெரியாமயே நீங்க இத ரொம்ப நாளா யூஸ் பண்றீங்க, ஈமெயில்ல குப்பை மெயில தனியா ஒதுக்குறது, மேப்ல எந்த ரோடு அடைச்சிருக்குன்னு காட்டுறது, போட்டோவுல ஒரே மூஞ்சிய ஒண்ணா சேக்குறது எல்லாமே இதோட வேலைதான்.

இப்போ எல்லாரும் பேசுறது சாட்ஜிபிடி (2022 நவம்பர் கடைசியில வந்துச்சு), கூகுளோட ஜெமினி, மைக்ரோசாஃப்ட்டோட கோபைலட், க்ளாட் மாதிரி பேசுற ஏஐ. போன்ல டைப் பண்றப்போ அடுத்த வார்த்தை இதுவான்னு மேல காட்டுது பாருங்க, அதோட பெரிய அண்ணன்னு வெச்சுக்கோங்க. கோடிக்கணக்கான பக்கத்தப் படிச்சுப் பழகி, இந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தை வந்தா பொருத்தமா இருக்கும்னு கணக்குப் போட்டுப் போட்டு பதில் எழுதுது. இது மனசுல இருந்தா போதும், கீழ வர்ற பாதி விஷயம் தன்னால புரிஞ்சுடும்.

எனக்கு 74 ஆச்சு. இனிமே போய் கத்துக்க முடியுமா?

கம்ப்யூட்டர் கத்துக்குறத விட இது ஈஸி. அதுல எந்த பட்டன் எங்க இருக்குன்னு நாம கத்துக்கணும், இதுல மைக் படத்த அமுக்கிட்டு பேசினா போதும். சொல்லப்போனா சின்னப் பசங்கள விட பெரியவங்கதான் இதுல நல்லா பண்றாங்க, ஏன்னா பசங்க 2 வார்த்தைல கேட்டுட்டு 2 வார்த்தைல பதில் வாங்குறாங்க, பெரியவங்க ஒரு விஷயத்த ஆதியோட அந்தமா சொல்லித்தான் கேப்பாங்க, அப்படி விவரமா கேட்டாதான் அதுவும் உருப்படியா பதில் சொல்லுது.

எந்த ஆப் போடணும்? எதுல ஆரம்பிக்கணும்?

மேல சொன்னதுல எது வேணா ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு போதும். ஆனா ப்ளே ஸ்டோர்லயோ ஆப் ஸ்டோர்லயோ தேடினா அச்சு அசலா அதே மாதிரி பேர், படம் வெச்சு நூறு போலி ஆப் வந்து நிக்கும், போட்டதும் காசு கேக்கும். ஆப் பேருக்குக் கீழ சின்ன எழுத்துல கம்பெனி பேரு இருக்கும், சாட்ஜிபிடின்னா ஓப்பன்ஏஐ, ஜெமினின்னா கூகுள், க்ளாட்னா ஆந்த்ரோபிக், இதப் பாத்துட்டு போடுங்க.

முதல் கேள்விய உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயத்துல கேளுங்க. நீங்க 30 வருஷம் பாத்த வேலையப் பத்தி, இல்ல உங்களுக்குக் கைவந்த கலையப் பத்தி. எங்க பெரியப்பா லேத் பட்டறைல வேலை பாத்தவரு, அதப் பத்தி கேட்டாரு, 10 வரி சொல்லிச்சு, 8 வரி சரி, ஒரு வரி அரைகுறை, ஒரு வரி சுத்தத் தப்பு. ஆனா பத்தும் ஒரே தோரணைல சொல்லிச்சு. அத அவரே கண்டுபிடிச்சாரு பாருங்க, அன்னைக்கு அவருக்கு ஏஐ புரிஞ்சுடுச்சு, நான் ஒண்ணும் சொல்லவேண்டி வரல.

வாட்ஸ்அப்ல நீலக் கலர்ல ஒரு வளையம் வந்திருக்கே?

அது மெட்டா ஏஐ, வாட்ஸ்அப் கம்பெனியோடது. வைரஸ் இல்ல, பயப்படாதீங்க. வேணாம்னா தொடாதீங்க, அவ்ளோதான்.

தமிழ்ல பேசினா புரியுமா?

புரியும். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினாலும் புரியும். ஆனா பதில் சில நேரம் பாடப்புத்தகம் மாதிரி வரும், "பேசுற தமிழ்ல, சின்ன சின்ன வாக்கியமா சொல்லு"ன்னு ஒரு வாட்டி சொல்லிட்டா மாத்திக்கும். நம்ம பேச்ச அது எழுத்தா மாத்துறப்போ அதிகமா தடுமாறுறது ரெண்டு இடத்துல, ஒண்ணு ஆள் பேரு, ஊர் பேரு, இன்னொண்ணு நம்பரு. அதனால பேசி முடிச்சதும் ஸ்க்ரீன்ல என்ன எழுதிருக்குன்னு ஒரு பார்வை பாத்துட்டு அனுப்புங்க. முக்கியமான விஷயம்னா, அதே கேள்விய இங்கிலீஷ் தெரிஞ்ச யாரையாவது விட்டு இங்கிலீஷ்லயும் ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம், ஏன்னா அது படிச்சதுல இங்கிலீஷ்தான் ரொம்ப ஜாஸ்தி, தமிழ் கம்மி.

கண்ணு சரியா தெரியல, சின்ன எழுத்து படிக்க முடியல. இதுக்கு உதவுமா?

என்னைக் கேட்டா வயசானவங்களுக்கு ஏஐயால கிடைக்குற பெரிய லாபமே இதுதான். கூகுள் லென்ஸ்னு ஒண்ணு ஆண்ட்ராய்டு போன்ல ஏற்கனவே இருக்கும், கேமராவ ஒரு பேப்பர் மேல காட்டினா எழுத்த எடுத்து வாசிச்சும் காட்டும், மொழிபெயர்த்தும் தரும். பார்வை ரொம்பவே கம்மியானவங்களுக்குன்னே செஞ்ச ஆப்பும் இருக்கு, மைக்ரோசாஃப்ட்டோட சீயிங் ஏஐ, கூகுளோட லுக்அவுட். அப்புறம் பீ மை ஐஸ்னு ஒண்ணு, டென்மார்க்ல பார்வை குறைபாடு உள்ள ஒருத்தரே ஆரம்பிச்சது, 2015ல வந்துச்சு. அதுல வீடியோ கால் போட்டா எங்கயோ இருக்குற ஒரு தன்னார்வலர் உங்க கேமரா வழியா பாத்து, இது நீல சட்டை, இது பச்சைன்னு சொல்லுவாரு. 2023ல இருந்து அதே ஆப்ல ஏஐயும் பாத்து சொல்லுது. ராத்திரி 2 மணிக்கு ஒரு பாட்டில்ல என்ன எழுதிருக்குன்னு தெரியணும்னா யாரையும் எழுப்பவேண்டியதில்ல.

பேசுற ஏஐலயும் போட்டோ எடுத்துப் போட்டு கேக்கலாம். டிவி ரிமோட்ட போட்டோ எடுத்து "இதுல சத்தம் குறைக்குற பட்டன் எது"ன்னு கேளுங்க. ஆபீஸ்ல இருந்து வந்த 4 பக்க லெட்டர போட்டோ எடுத்து "இவங்க எங்கிட்ட என்ன கேக்குறாங்க, எந்த தேதிக்குள்ள, நான் என்ன பண்ணணும்"னு கேளுங்க. அது சொன்ன தேதியும் தொகையும் லெட்டர்ல எங்க இருக்குன்னு கேட்டு, அந்த இடத்த மட்டும் பூதக்கண்ணாடி வெச்சாவது உங்க கண்ணால பாத்துடுங்க. மாத்திரை அட்டைல பேர், எக்ஸ்பைரி தேதி வாசிக்கச் சொல்றப்பவும் இதே கதைதான், அட்டை பளபளன்னு இருந்தா 3ஐ 8ன்னு படிச்சிடும்.

காது மந்தம். போன்ல பேசுறது கேக்க மாட்டேங்குது.

ஆண்ட்ராய்டுல லைவ் ட்ரான்ஸ்க்ரைப்னு ஒரு ஆப், 2019ல கூகுள் விட்டது. போன மேஜைல வெச்சுட்டா எதிர்ல இருக்குறவங்க பேசுறது அப்படியே பெரிய எழுத்தா ஓடும், தமிழும் உண்டு. ஐபோன்ல லைவ் கேப்ஷன்ஸ் இருக்கு, ஆனா அதுல எல்லா மொழியும் கிடையாது. நாலு பேர் ஒரே நேரத்துல பேசினா ரெண்டுமே குழம்பும், அதுக்கு வீட்டுல உள்ளவங்கதான் ஒவ்வொருத்தரா பேசிப் பழகணும், வேற வழி இல்ல.

2024ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆப்பிளோட ஒரு இயர்போன காது மெஷினாவும் யூஸ் பண்ண அனுமதி குடுத்துச்சு, லேசா, நடுத்தரமா காது கேக்காதவங்களுக்கு மட்டும். ஆனா ஒரு காது மட்டும் திடீர்னு அடைச்சா ஆப் தேடாதீங்க, அன்னைக்கே டாக்டர பாருங்க.

டாக்டர் குடுத்த ரிப்போர்ட்ட இதுகிட்ட காட்டலாமா? மாத்திரை பத்தி கேக்கலாமா?

அர்த்தம் கேக்கலாம், ஆலோசனை கேக்காதீங்க. "கிரியாட்டினின்னா என்ன", "இந்த ஸ்கேன் ரிப்போர்ட்ல இருக்குற வார்த்தைய எனக்குப் புரியுற மாதிரி சொல்லு", இதெல்லாம் நல்லா சொல்லும். இத விட உபயோகம் என்னன்னா, டாக்டர பாக்கப் போறதுக்கு முந்தின நாள் உங்க கஷ்டத்த எல்லாம் முன்ன பின்ன எப்படி வருதோ அப்படியே பேசிடுங்க, "இத டாக்டர்கிட்ட 2 நிமிஷத்துல சொல்ற மாதிரி சுருக்கிக் குடு, நான் கேக்கவேண்டிய 5 கேள்வியும் எழுது"ன்னு சொல்லுங்க. அந்தப் பேப்பரோட போனவங்க யாரும் வெளிய வந்து "ஐயோ அதக் கேக்க மறந்துட்டேனே"ன்னு சொல்லி நான் பாக்கல.

ஆனா மருந்த நிறுத்துறது, அளவ மாத்துறது, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு போடுறது, இதுக்கு அதுகிட்ட போகவே கூடாது. 2025ல அமெரிக்க டாக்டருங்க ஒரு கேஸ மருத்துவ இதழ்ல எழுதினாங்க. 60 வயசு மனுஷன், உப்பு உடம்புக்கு ஆகாதுன்னு எங்கயோ படிச்சுட்டு, உப்புல இருக்குற குளோரைடுக்கு பதிலா என்னன்னு சாட்ஜிபிடில கேட்டிருக்காரு, ப்ரோமைடுன்னு வந்திருக்கு. ஆன்லைன்ல சோடியம் ப்ரோமைடு வாங்கி 3 மாசம் உப்புக்கு பதிலா அதப் போட்டு சாப்பிட்டிருக்காரு. பக்கத்து வீட்டுக்காரன் எனக்கு விஷம் வெக்கிறான்னு சொல்லிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சு, 3 வாரம் படுத்திருந்தாரு. வேடிக்கை என்னன்னா ப்ரோமைடு பதில் ஏதோ ஒரு சூழ்நிலைல சரியாவும் இருக்கலாம், க்ளீனிங் மாதிரி வேலைக்கு. அந்த டாக்டருங்க அதே மாதிரி கேட்டுப் பாத்தப்போ, எதுக்கு கேக்குறீங்கன்னு அது திருப்பிக் கேக்கல. நல்ல டாக்டர் கேட்டிருப்பாரு.

நெஞ்சு வலி, திடீர்னு வாய் கோணுறது, ஒரு பக்கம் கை கால் தூக்க முடியாதது, பேச்சு குளறுறது, இதுக்கெல்லாம் டைப் பண்ணிட்டு உக்காரக்கூடாது. ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

இது பொய் சொல்லுமா?

பொய்னு தெரிஞ்சு சொல்லாது, ஆனா இல்லாதத சொல்லும். அடுத்த வார்த்தைய கணக்குப் போடுறதுதான் அதோட பொழப்புன்னு சொன்னேன்ல, விஷயம் தெரியலன்னாலும் கணக்கு நிக்காது, பதில் வந்துக்கிட்டே இருக்கும். 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க சாட்ஜிபிடி குடுத்த பழைய தீர்ப்புகள கோர்ட்ல தாக்கல் பண்ணினாங்க, பாத்தா அப்படி கேஸே கிடையாது, அபராதம் விழுந்துச்சு. படிச்ச வக்கீலே ஏமாந்தாங்கன்னா பாத்துக்கோங்க.

இன்னொரு குணம், நாம எந்தப் பக்கம் சாயுறோமோ அதுவும் அந்தப் பக்கமே சாயும். "இந்த ஸ்கீம் நல்லதுதானே"ன்னு கேட்டா நல்லதுன்னு 6 காரணம் தரும். உடனே "இதுல இருக்குற ஆபத்து என்ன, யாரெல்லாம் இதுல சேரக்கூடாது"ன்னும் கேளுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் விஷயம் வெளிய வரும். போன் நம்பர், அட்ரஸ், தேதி, சட்டம், வட்டி இதெல்லாம் அது சொன்னா அந்தந்த ஆபீஸ்ல ஒரு தடவ சரி பாக்காம நம்பாதீங்க.

பேரன் குரல்லயே போன் வந்துச்சு, மாட்டிக்கிட்டேன் உடனே பணம் அனுப்புன்னு. உண்மையா இருக்குமா?

குரல வெச்சு இனிமே எதையும் முடிவு பண்ண முடியாது, இத நல்லா மனசுல பதிய வெச்சுக்கோங்க. 2023 ஜனவரில மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்காரங்க ஒரு ஏஐய காட்டினாங்க, ஒருத்தர் குரல் 3 செகண்ட் கிடைச்சா போதும், அதே மாதிரி பேசிடும். பேரன் வீடியோ போட்டிருந்தா அதுல அவன் குரல் இருக்கு, திருடனுக்கு அது போதும். வீடியோ கால்ல மூஞ்சி தெரிஞ்சாலும் அதே கதைதான், 2024ல வெளிய வந்த ஒரு கேஸ், ஹாங்காங்ல ஒரு கம்பெனி ஊழியர் வீடியோ மீட்டிங்ல தன் மேலதிகாரியையும் கூட வேலை பாக்குறவங்களையும் பாத்துட்டு 2.5 கோடி டாலர் அளவுக்கு அனுப்பிட்டாரு. அந்த மீட்டிங்ல இவரத் தவிர யாருமே நிஜம் இல்ல.

நான் எல்லா வீட்டுலயும் சொல்றது, குடும்பத்துக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வெச்சுக்கோங்க. நாய் பேரு, பொறந்த தேதி எல்லாம் வேணாம், யாரும் நெட்ல எழுதாத ஏதாவது ஒரு கோணங்கி வார்த்தை. பணம்னு பேச்சு வந்தா "அந்த வார்த்தைய சொல்லு". அப்படி எதுவும் வெக்கலன்னா லைன கட் பண்ணுங்க, உங்க போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்குற அவன் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. நிஜமாவே பேரனா இருந்தா 2 நிமிஷத்துல ஒண்ணும் கெட்டுடாது. "அப்பாகிட்ட சொல்லாத, போன வெக்காத"ன்னு அவசரப்படுத்தினா அது பேரன் இல்ல, அவ்ளோதான்.

இதுல ஏமாந்தவங்க நெறைய பேரு வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்றதில்ல. தயவு செஞ்சு சொல்லுங்க, பேங்குக்கு அந்த மணி நேரத்துலயே சொன்னா பணத்த நிறுத்த ஒரு வாய்ப்பாவது இருக்கு.

போட்டோ, வீடியோ ஏஐ பண்ணதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முன்னாடி விரல எண்ணிப் பாரு, ஆறு இருந்தா போலின்னு சொல்வாங்க. இப்போ விரல் எல்லாம் சரியா வந்துடுது. படத்த உத்துப் பாக்குறத விட்டுட்டு யார் அனுப்பினா, எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. பாத்ததும் கோவமோ பதட்டமோ வந்துச்சுன்னா ஃபார்வர்டு பண்றத நாளைக்கு வெச்சுக்கோங்க.

இதுகிட்ட எதெல்லாம் சொல்லக்கூடாது?

ஓடிபி, பின், பாஸ்வேர்டு, கார்டு நம்பர், அடையாள அட்டை போட்டோ. ரிப்போர்ட் போட்டோ எடுக்குறப்போ பேர் இருக்குற இடத்துல கட்டை விரல வெச்சு மறைச்சுட்டு எடுங்க, அதுக்கு உங்க பேரு தேவையே இல்ல. அப்புறம் செட்டிங்ஸ்ல டேட்டா, ப்ரைவசி மாதிரி பேர் இருக்குற பகுதிக்குள்ள, நீங்க பேசுறத ஏஐய பழக்க யூஸ் பண்ணலாமான்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், பேரன் பேத்திய விட்டு அத ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

மாத்திரை நேரத்த ஞாபகப்படுத்துமா?

அலாரம் வைங்க. நிஜமா சொல்றேன், எல்லாத்துக்கும் ஏஐ வேணாம். "தினம் 8 மணிக்கு அலாரம் வை"ன்னு சிரி, அலெக்ஸா, கூகுள்கிட்ட வாயால சொல்லலாம், அது வரைக்கும் ஓகே. அடிச்ச அலாரத்த அணைச்சுட்டு மாத்திரை போட்டோமா இல்லையான்னு குழம்புறதுக்கு, கிழமை எழுதின டப்பாதான் மருந்து.

தனியா இருக்கேன். பேச்சுத்துணைக்கு இது சரியா வருமா?

இதுல எனக்கே ரெண்டு மனசு. 1966ல அமெரிக்காவுல எம்ஐடிங்குற யுனிவர்சிட்டில ஜோசப் வைசன்பாம்னு ஒருத்தர் எலிசான்னு ஒரு ப்ரோக்ராம் எழுதினாரு, நாம சொல்றதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு கேள்வியா கேக்கும், அவ்ளோதான் அதோட வித்தை. அவர் அத எழுதுறத மாசக்கணக்கா பக்கத்துல இருந்து பாத்த செக்ரட்டரியே அதுகூட பேச ஆரம்பிச்சதும், கொஞ்சம் வெளிய இருங்கன்னு அவரையே அனுப்பிட்டாங்களாம். அவ்ளோ சின்னதுக்கே மனுஷ மனசு அப்படி ஒட்டுச்சுன்னா இப்போ உள்ளதுக்கு கேக்கவே வேணாம். ஜப்பான்ல பாரோன்னு சீல் குட்டி மாதிரி ஒரு ரோபோ இருக்கு, தடவிக்குடுத்தா கண்ண சிமிட்டும், ஞாபக மறதி நோய் உள்ளவங்கள அமைதிப்படுத்த முதியோர் இல்லங்கள்ல வெச்சிருக்காங்க. நியூயார்க் மாநிலத்துல எலிக்யூன்னு மேஜை மேல உக்காந்து பேசுற ஒண்ண தனியா இருக்குற பெரியவங்களுக்கு 2022ல இருந்து அரசாங்கமே குடுத்துச்சு.

தூக்கம் வராத ராத்திரில பேசுறதுக்கு ஒண்ணு இருந்தா தப்பில்லன்னு நெனைக்கிறேன். ஆனா அது உங்கள மறுத்துப் பேசாது, சலிச்சுக்காது, அதுவே ஒரு பிரச்சனை, நிஜ மனுஷங்க சலிச்சுக்குறது அப்புறம் தாங்க முடியாமப் போயிடும். தெரிஞ்ச அத்தை ஒருத்தங்க அதுகிட்ட பழைய ஃப்ரெண்டப் பத்தி ஒரு வாரம் பேசிட்டு, கடைசியில "அவளுக்கு நான் என்ன எழுதலாம்"னு கேட்டு, 22 வருஷம் கழிச்சு லெட்டர் போட்டாங்க. இப்போ ரெண்டு பேரும் தினம் போன்ல, ஏஐ பக்கமே போறதில்ல.

தனியா இருக்குறப்போ விழுந்துட்டா?

விழுந்தா அதுவே கண்டுபிடிக்குற வாட்ச் இருக்கு. ஆப்பிள் வாட்ச்ல 2018ல இருந்து இருக்கு, வேற கம்பெனிங்களும் செய்றாங்க. பலமா விழுந்து, ஒரு நிமிஷம் கிட்ட அசையாம இருந்தா அதுவே அவசர நம்பருக்கு கூப்பிட்டு, நீங்க குடுத்திருக்குற சொந்தக்காரங்களுக்கும் செய்தி அனுப்பும். 55 வயசுக்கு மேலன்னு குடுத்திருந்தா தானாவே ஆன் ஆயிடும், இருந்தாலும் ஒரு தடவ செட்டிங்ஸ்ல பாத்துக்கோங்க. மெதுவா சரிஞ்சு உக்காந்த மாதிரி விழுந்தா கண்டுபிடிக்காமப் போகலாம். ரொம்ப பேர் பண்ற தப்பு, குளிக்கப் போறப்போ கழட்டி வெச்சுட்டுப் போறது. வழுக்கி விழுற இடமே அதுதானே!

எழுதுறதுக்கு உதவுமா?

ரொம்ப. புகார் கடிதம், நன்றி கடிதம், விண்ணப்பம் எல்லாம் நீங்க பேசப் பேச எழுதிக்குடுக்கும். ஆனா நான் எல்லாரையும் பண்ணச் சொல்றது சொந்தக் கதை. தினம் 10 நிமிஷம் "நீ என்ன பேட்டி எடு, ஒரு நேரத்துக்கு ஒரு கேள்வி மட்டும் கேளு"ன்னு சொல்லிட்டு, முதல் வேலை, முதல் சம்பளம், இருந்த வீடு, கூடப் பொறந்தவங்கன்னு பேசிக்கிட்டே போங்க. அப்புறம் "நான் சொன்ன வார்த்தையிலயே ஒழுங்குபடுத்திக் குடு, நீயா எதையும் சேக்காத"ன்னு சொல்லணும், இது முக்கியம். ஒருத்தர் தன் அப்பா இறந்ததப் பத்தி சொன்னதுல, அன்னைக்கு மழை பெஞ்சுதுன்னு அதுவே சேத்து எழுதிருச்சு. படிச்சுட்டு "மழை இல்லப்பா, சுட்டெரிக்குற வெயிலு"ன்னு சொல்லி அத எடுக்க வெச்சாரு.

காசு கட்டணுமா?

வேணாம். இங்க சொன்ன ஏஐ வேலைக்கெல்லாம் ஃப்ரீயே போதும்.

அதுகிட்ட வாங்க போங்கன்னு பேசணுமா?

உங்க இஷ்டம், அதுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. எங்க பெரியப்பா "தம்பி"ன்னு கூப்பிடுறாரு.

தெரியாம எதையாவது அமுக்கிட்டா போன் கெட்டுடுமா?

கெடாது. பின்னாடி போற அம்புக்குறிய அமுக்குங்க, இல்லன்னா ஆப்ப மூடிட்டு திரும்பத் தொறங்க. இந்தப் பயம் பாதி பேருக்கு எங்க இருந்து வருதுன்னா, சொல்லிக்குடுக்குற பிள்ளைங்க "இங்க குடு நானே பண்றேன்"னு போன பிடுங்கி 4 செகண்ட்ல பண்ணிட்டு திருப்பிக் குடுத்துடுறாங்க. அடுத்த தடவ சொல்லிக்குடுக்க வந்தா, போன் உங்க கையிலயே இருக்கட்டும், அவங்க கைய பின்னாடி கட்டிக்கச் சொல்லுங்க.